ஸ்டீவி வொண்டருக்கு 1976க்கு அப்புறம் என்ன ஆனது? (எனக்கும்தான்)

கீபோர்டு_தூத்துக்குடி கேட்டது:

முதலிலேயே ஒரு வேண்டுகோள். ராஜாவா ரஹ்மானா என்ற சண்டை இங்கே வேண்டாம். போன மாதம் அப்படி ஆரம்பித்த திரி 200 பதில் ஓடி, கடைசியில் யாரோ யாருடைய ஊரையோ இழுத்துத் திட்டி, பூட்டிவிட்டார்கள். அதனால் நமக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லாத ஒருவரை வைத்துக் கேட்கிறேன். அமெரிக்கப் பாடகர், இசையமைப்பாளர் ஸ்டீவி வொண்டர்.

நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். கல்யாண வரவேற்பு, அம்மன் கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா, எதையும் விடுவதில்லை. வயது 51. கச்சேரி இல்லாத நாளில் வீட்டில் பிள்ளைகளுக்கு வகுப்பு. சேர்த்துவிட்ட இரண்டாவது மாதம் எல்லா அப்பாக்களும் கேட்கிற பாட்டு ஒன்று உண்டு: ‘ஐ ஜஸ்ட் கால்டு டு சே ஐ லவ் யூ’. சொல்லித் தருகிறேன். பிள்ளை எப்படியோ வாசித்துவிடும், அப்பா அதை வீடியோ எடுத்து குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிடுவார். ஸ்டீவி வொண்டர் என்றால் எங்கள் தெருவில் அந்த ஒரு பாட்டுதான்.

எனக்கு அவர் அறிமுகமானது வேறு வாசல் வழியாக. 1988இல், கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா சிங்கப்பூரில் வாங்கிவந்த கேசட்டுகளில் ஒன்று ‘சாங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்’. அதில் ‘சர் டியூக்’ என்று ஒரு பாட்டு. நடுவே ட்ரம்பெட், சாக்ஸபோன், கிதார், பேஸ் எல்லாம் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு ஓடும், மூச்சு விட இடம் இருக்காது. அந்த ஓட்டத்தை பக்கத்து வீட்டு அண்ணனின் சின்ன கேசியோவில் வாசித்துப் பழக எனக்கு இரண்டு மாதம் ஆனது. நாடா இழுபட்டுப்போய்ப் பென்சிலை விட்டுச் சுற்றியது எத்தனை தடவை என்று கணக்கில்லை.

பிறகு பின்னோக்கிப் போய் ஒவ்வொன்றாகத் தேடிக் கேட்டேன். 1972இல் மட்டும் இரண்டு ஆல்பம். 1973இல் ‘இன்னர்விஷன்ஸ்’. 1974இல் ஒன்று. 1976இல் சித்தப்பா கேசட். ஐந்து வருடத்தில் ஐந்து. கடைசி மூன்றுக்கும் கிராமியின் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது. அவர் ஆல்பம் போடாத 1975ஆம் வருடத்துக்கான விருதை வாங்கிய பாடகர் பால் சைமன், இந்த வருடம் ஆல்பம் வெளியிடாமல் இருந்ததற்காக ஸ்டீவி வொண்டருக்கு நன்றி என்று மேடையிலேயே சொன்னார். நடுவில் 1973 ஆகஸ்டில் கார் விபத்து வேறு. கோமாவில் கிடந்து எழுந்து வந்தார். இவ்வளவும் முடிந்தபோது மனிதருக்கு வயது 26.

அதற்கு அப்புறம்? 1980இல் ‘ஹாட்டர் தேன் ஜூலை’ நல்ல ஆல்பம், மறுக்கவில்லை. 1984இல் நம் அப்பாக்களின் பாட்டு வந்தது, ஆஸ்கரும் வாங்கியது. பிறகு ஆல்பங்களுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. 1995இல் ஒன்று, அடுத்தது 2005இல். குரல் போகவில்லை. விரலும் போகவில்லை. மேடையில் பார்த்தால் இன்றைக்கும் அசத்துகிறார். ஆனால் 22 வயதில் மழையாகக் கொட்டியது எங்கே போனது?

கேள்வி அவரைப் பற்றி மட்டும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 1997இல் எங்கள் பங்குத் திருவிழாவுக்காக ஒரு கேசட் போட்டார்கள். பத்துப் பாட்டுக்கும் மெட்டு நான். எனக்கு வயது 23. பதினொரு நாளில் பத்தும் முடிந்தது. அதில் ஒரு பாட்டை இன்றைக்கும் சப்பரம் வரும்போது பாடுகிறார்கள். போட்டது யார் என்று பாடுகிறவர்களுக்குத் தெரியாது, அதில் எனக்கு ஒரு திருட்டுச் சந்தோஷம். போன வருடம் அதே கோயிலில் இன்னொரு விழாவுக்கு மூன்று பாட்டு கேட்டார்கள். இரண்டு மாதம் உட்கார்ந்தேன். மூன்று மெட்டு வந்தது. அதில் நன்றாக இருப்பதாக நானே நினைத்த ஒன்றை வாசித்துக் காட்டினால் என் மகள் சொல்கிறாள், “அப்பா, இது உங்க பழைய பாட்டுதானே?”

வயதா? பணம் வந்ததால் பசி போய்விட்டதா (எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை)? இல்லை, ஒருவருக்கு இவ்வளவுதான் என்று அளந்து ஊற்றிவிடுகிறார்களா?


பழைய_பிலிப்ஸ் எழுதியது:

சரக்கு தீர்ந்தது. அவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் இவ்வளவு நீளமாகவா?

இத்தாலிய இசையமைப்பாளர் ரொசினியைப் பாருங்கள். 39 ஓபரா (முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம்) எழுதினார். ‘வில்லியம் டெல்’ 1829இல் மேடையேறியது, வயது 37. அதோடு ஓபராவை மூட்டை கட்டினார். 1868 வரை உயிரோடு இருந்தார். ஆக 39 ஓபரா, ஓபரா எழுதாமல் 39 வருடம். நன்றாகச் சாப்பிட்டார், விருந்து வைத்தார், தோன்றியபோது வீட்டுக்கு வருகிறவர்களுக்காகச் சின்னச் சின்னதாகப் பியானோவுக்கு எழுதி, அதற்குக் ‘கிழவயதின் பாவங்கள்’ என்று பெயரும் வைத்தார். புத்திசாலி. தீர்ந்ததை ஒப்புக்கொள்ளத் தெரியாதவர்கள்தான் வருடத்துக்கு நான்கு படம் செய்து நம் காதைப் பதம் பார்க்கிறார்கள். (பெயர் சொல்லவில்லை. விதி எண் ஒன்று.)


மிக்ஸிங்_மேசை எழுதியது:

அண்ணா, 1972 முதல் 1974 வரை வந்த அந்த நான்கு ஆல்பங்களின் அட்டையைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? நான்கிலும் இரண்டு பெயர் சேர்ந்தே வரும். ராபர்ட் மார்கூலெஃப், மால்கம் சீசில்.

நான் வடபழனிப் பக்கம் ஒலிப்பதிவுக் கூடங்களில் 19 வருடமாக மிக்ஸிங் செய்கிறேன். பாட்டைக் கேட்கும்போது பாடகர் பெயருக்கு முன்னால் என்ஜினியர் பெயரைத் தேடுவது தொழில் புத்தி. அப்படித்தான் இவர்களைப் பிடித்தேன்.

சீசில் இங்கிலாந்துக்காரர், ஜாஸ் பேஸ் வாசித்தவர். மார்கூலெஃபும் அவரும் நியூயார்க்கில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘டான்டோ’ என்ற ராட்சத சிந்தசைசரைக் கட்டினார்கள். மூக் கம்பெனிக் கருவியில் ஆரம்பித்து, வேறு வேறு கம்பெனிகளின் பெட்டிகளை இணைத்துக்கொண்டே போய், கடைசியில் வளைந்த மர அலமாரிகளுக்கு நடுவே ஆள் உட்காருகிற அளவுக்குப் பெரிதாகிவிட்டது. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி எங்கு பார்த்தாலும் வயர். இன்றைக்கு நீங்கள் கச்சேரிக்குத் தோளில் மாட்டிப் போகிற கீபோர்டில் பொத்தானைத் தட்டினால் ‘ஸ்டிரிங்ஸ்’ வந்துவிடுகிறது இல்லையா, அதில் அப்படி எதுவும் வராது. ஒவ்வொரு சத்தத்தையும் வயரைச் செருகி, குமிழைத் திருகி உண்டாக்க வேண்டும். கார்டு (பல சுரம் ஒரே நேரத்தில்) வேண்டுமென்றால் ஒவ்வொரு சுரமாகப் பதிந்து அடுக்க வேண்டும். நடுவில் சுருதி நழுவும், மறுபடி சேர்க்க வேண்டும்.

இவர்கள் 1971இல் போட்ட ஓர் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டீவி வொண்டர் அவர்களைத் தேடி வந்தார். அப்போதுதான் 21 வயது முடிந்து மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் சிறுவயது ஒப்பந்தத்தில் இருந்து விடுபட்டிருந்தார். வந்தவர் அப்படியே அங்கேயே தங்கி வேலை பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது அந்த அறையை நினைத்துப் பாருங்கள். கண் தெரியாத ஒருவர் சாவிகளில் கை வைத்திருக்கிறார். பக்கத்தில் இரண்டு பேர் குமிழ்களைத் திருகிக்கொண்டே இருக்கிறார்கள். சத்தம் மாற மாற இவர் வாசிப்பை மாற்றுகிறார், வாசிப்பு மாற மாற அவர்கள் சத்தத்தை மாற்றுகிறார்கள். ‘சூப்பர்ஸ்டிஷன்’ பாட்டில் அடியில் உருமுகிற பேஸ் அப்படி வந்ததுதான். டிரம், கிளாவினெட், பியானோ எல்லாவற்றையும் மைக் போட்டுத் தயாராக வைத்திருப்பார்கள். இவருக்கு ஒன்று தோன்றினால் எழுந்து நேராக அந்த வாத்தியத்துக்குப் போகலாம். யோசனை ஆறுவதற்குள் டேப்பில் ஏறிவிடும்.

இன்னொன்று. ‘லிவிங் ஃபார் த சிட்டி’ பாட்டின் பின்பாதியில் குரல் கரகரத்து, கோபமாக வரும். பாடும்போது டேப்பை நிறுத்தி நிறுத்தி, வேண்டுமென்றே எரிச்சலூட்டி அந்தக் குரலை வரவழைத்ததாகச் சீசில் பிறகு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அண்ணா, இதை வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். 23 வயதில் உலகமே கொண்டாடுகிற ஒருவரைப் பாதியில் நிறுத்தி “சரியில்லை, திரும்பப் பாடு” என்று சொல்ல அந்த அறையில் ஆள் இருந்திருக்கிறது. நான் வேலை செய்கிற இடங்களில் பெரிய பெயர் உள்ளே வந்தால் எல்லோரும் டீ வாங்கத்தான் ஓடுகிறோம்.

1974 ஆல்பத்தோடு அந்த இருவரும் பிரிந்துவிட்டார்கள்.


கீபோர்டு_தூத்துக்குடி எழுதியது:

இந்த விவரம் எனக்குத் தெரியாது, ரொம்ப நன்றி. ஆனால் ஒரு இடம் இடிக்கிறதே. 1976 ஆல்பத்தில் அவர்கள் இல்லை. அதுதானே எல்லாவற்றிலும் பெரியது? எனக்கு அதுதான் உயிர்.


மிக்ஸிங்_மேசை எழுதியது:

இடிக்கிறது, உண்மைதான். நானும் அதில் கொஞ்ச நாள் மாட்டிக்கொண்டு இருந்தேன். இரண்டு பேர்தான் காரணம் என்று சொன்னால் தப்பு.

1976 ஆல்பத்துக்கு இரண்டு வருடம் எடுத்துக்கொண்டார். கம்பெனி தேதி சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ‘கிட்டத்தட்ட முடிந்தது’ என்று அச்சடித்த டீ ஷர்ட் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அதில் வேலை செய்தவர்கள் நூற்றுக்கும் மேல். ஹெர்பி ஹேன்காக் வந்து வாசித்தார். ஜார்ஜ் பென்சன் கிதாரோடு வந்தார். நீங்கள் இரண்டு மாதம் பழகிய அந்த ‘சர் டியூக்’ ஓட்டமே, அத்தனை பேர் ஒரே மூச்சில் வாசித்தால்தான் அந்த உறைப்பு வரும். மார்கூலெஃபும் சீசிலும் போனார்கள், அறை காலியாகவில்லை. முன்னைவிட நிரம்பியது என்றே சொல்லலாம்.

காலியானது எண்பதுகளில். அது அவர் ஒருவருக்கு நடந்தது இல்லை. டிரம் மெஷின் வந்தது. 1983இல் யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டு வந்தது, பொத்தானை அழுத்தினால் சத்தம் தயார். எல்லாவற்றையும் தானே வாசிக்கத் தெரிந்த மனிதருக்கு இனி யாரும் தேவைப்படவில்லை. ‘ஐ ஜஸ்ட் கால்டு’ பாட்டைத் தாளத்தை மட்டும் கவனித்துக் கேளுங்கள். டிரம் மெஷின். ஆரம்பத்தில் எப்படித் தட்டுகிறதோ கடைசிவரை அப்படியேதான். ‘சூப்பர்ஸ்டிஷன்’ பாட்டில் டிரம்மும் அவரே வாசித்ததுதான். அதில் கை தடுமாறுகிற இடம்கூட உண்டு, அந்தத் தடுமாற்றம்தான் பாட்டைத் தூக்கி நிறுத்துகிறது.

இன்றைக்கு எங்கள் வேலை எப்படி என்றால், மெட்டு ஒரு வீட்டில், புல்லாங்குழல் இன்னொரு ஊரில், பாடகர் மூன்றாவது ஊரில். எல்லாம் ஃபைலாக என்னிடம் வந்து சேரும். போன மாதம் ஒரு பாட்டில் வயலினும் வீணையும் ஒரே இடத்தில் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருந்தன. இரண்டு பேரும் ஒரு தடவைகூடச் சந்தித்தது கிடையாது. நான் வீணையைக் கொஞ்சம் இறக்கி வைத்தேன். ஒரே அறையில் இருந்திருந்தால் வயலின்காரர் தானாகவே வில்லைத் தூக்கியிருப்பார்.


திருச்சி_வில் எழுதியது:

தம்பி, நான் வயலின் சொல்லிக்கொடுக்கிறவன். எழுபது தாண்டியாகிவிட்டது. உங்கள் அமெரிக்கப் பாட்டுக்காரரை நான் கேட்டதில்லை. மிக்ஸிங் செய்கிற அந்தப் பெண் சொன்ன அறைக் கணக்கு மட்டும் எனக்குப் பழக்கமானது. எங்கள் ஊர்க்காரர் டி.கே. ராமமூர்த்தியை நினைத்தேன்.

அவரும் எம்.எஸ். விஸ்வநாதனும் சி.ஆர். சுப்பராமன் குழுவில் இருந்தவர்கள். சுப்பராமன் 1952இல் இறந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. கையில் இருந்த ‘தேவதாஸ்’ வேலையைக் குழுவில் இருந்தவர்கள்தான் முடித்தார்கள். அதே வருடம் ‘பணம்’ படத்தில் விஸ்வநாதன் ராமமூர்த்தி என்று சேர்ந்து பெயர் வந்தது. அப்புறம் 13 வருடம். ‘பாசமலர்’, ‘பாவ மன்னிப்பு’, ‘ஆலயமணி’, ‘கர்ணன்’, ‘புதிய பறவை’, ‘காதலிக்க நேரமில்லை’. இதற்கு மேல் நான் என்ன சொல்ல? 1965இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்த கையோடு பிரிந்தார்கள்.

மெட்டு விஸ்வநாதனுடையது, வாத்திய அமைப்பு ராமமூர்த்தியுடையது என்று ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அப்படி நடுவில் கோடு கிழிக்க முடியாது. ஆனால் வயலின்கள் மொத்தமாக எழுந்து வருகிற இடங்களைக் கேட்டால், உள்ளே ஒரு வயலின்காரர் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

பிரிந்த பிறகு நடந்ததுதான் உங்கள் கேள்விக்குச் சம்பந்தப்பட்டது. விஸ்வநாதன் தனியாக இன்னும் பத்து வருடத்துக்கு மேல் கொடி கட்டிப் பறந்தார். ராமமூர்த்தி தனியாகச் செய்தவை கொஞ்சம்தான், எழுபதுகளில் அதுவும் தேய்ந்துவிட்டது. சரக்கு தீர்ந்தது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் தயவுசெய்து 1966இல் வந்த ‘மறக்க முடியுமா’ படத்தின் ‘காகித ஓடம்’ பாட்டைக் கேட்டுவிட்டு வரட்டும். பிரிந்த மறு வருடம் செய்தது. அதைச் செய்தவருக்குத் தீர்ந்துவிட்டதாம்! படம் தருகிறவர்கள் வரவில்லை, அதுதான் நடந்தது. அதைப் போய்த் திறமையின் தலையில் எழுதக்கூடாது.

1995இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்கு இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். ஆசையோடு கேட்டேன். மரியாதையாக இருந்தது. 1964 திரும்பி வரவில்லை. முப்பது வருடத்தில் இரண்டு பேரும் வேறு ஆட்களாகியிருப்பார்கள், கேட்கிற நானும்தான். அதனால், பழைய ஆளைத் திரும்பக் கூப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அதுவும் வேண்டாம், தம்பி.


எட்டாம்_கிரேடு_டீச்சர் எழுதியது:

கீபோர்டு அண்ணா, நீங்கள் மாதா கோயில் கல்யாணத்தில் மணமக்கள் வெளியே வரும்போது வாசிப்பீர்களே ‘வெட்டிங் மார்ச்’, அதைப் போட்டவரைப் பற்றியும் இதே குற்றச்சாட்டு உண்டு.

ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சோன் 1825இல், 16 வயதில், எட்டு தந்தி வாத்தியங்களுக்கான ‘ஆக்டெட்’ எழுதினார். தன் வயலின் ஆசிரியருக்குப் பிறந்தநாள் பரிசாக. என் மாணவர்களில் 16 வயதுக்காரர்கள் ஸ்கேல் வாசிக்கச் சொன்னாலே முகத்தைத் திருப்புவார்கள். அடுத்த வருடம், 17 வயதில், ஷேக்ஸ்பியர் நாடகத்துக்காக ‘மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ முன்னிசை. அதோடு உச்சம் முடிந்தது, மீதி எல்லாம் நல்ல பிள்ளையாக எழுதிய இசை என்று பலர் சொல்வார்கள். நானும் டிப்ளமோ படிக்கும்போது அப்படியே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். 1843இல் அதே நாடகத்தைப் பாட்ஸ்டாம் நகரில் அரசருக்காக மேடையேற்றியபோது, மீதி இசையையும் அவரையே எழுதச் சொன்னார்கள். ‘வெட்டிங் மார்ச்’ அதில்தான் வருகிறது. 17 வயதில் எழுதியதையும் அதற்குப் பக்கத்தில் 17 வருடம் கழித்து எழுதியதையும் சேர்த்து வாசித்தால் ஒட்டுப் போட்ட தையலே தெரியாது. வற்றியவரால் அது முடியுமா?

வேலை அவரைத் தின்றது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 1835 முதல் லைப்சிக் நகரில் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவை நடத்தினார். 1843இல் அங்கேயே இசைப் பள்ளி தொடங்கினார். நடுவில் பெர்லின் அரசர் கூப்பிடுவார். இங்கிலாந்துக்கு மட்டும் பத்துப் பயணம். கச்சேரி, வகுப்பு, கடிதம், திருத்தம். உங்கள் நாட்குறிப்பை எட்டிப் பார்த்த மாதிரி இல்லை?

அறை விஷயத்துக்கும் ஒன்று. அவருடைய அக்கா ஃபேனி. அவரும் இசையமைத்தவர், தம்பி எழுதுவதை முதலில் கேட்கிறவரும் அவர்தான். ஆக்டெட்டில் மூன்றாவது பகுதி எதை மனதில் வைத்து எழுதியது என்பதைத் தன்னிடம் மட்டும்தான் சொன்னான் என்று எழுதி வைத்திருக்கிறார். 1847 மே மாதம் ஃபேனி திடீரென்று இறந்துபோனார். அந்தக் கோடையில் சுவிட்சர்லாந்தில் உட்கார்ந்து மெண்டல்சோன் எஃப் மைனரில், நான்கு தந்தி வாத்தியங்களுக்கு, ஒரு நால்வர் இசை எழுதினார். நல்ல பிள்ளை இசை இல்லை அது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியது. நவம்பரில் அவரும் போய்விட்டார், 38 வயது.


பழைய_பிலிப்ஸ் எழுதியது:

திருச்சிப் பெரியவருக்கு: ‘காகித ஓடம்’ கேட்டேன். மன்னிப்பு. அந்த ஒரு விஷயத்தில் மட்டும்.

அறை அறை என்று எல்லோரும் சொல்வதால் நானே உங்கள் பக்கத்துக்கு ஒரு சாட்சி தருகிறேன். இன்னொரு இத்தாலிய ஓபராக்காரர் வெர்டி 1871இல் ‘ஐடா’ முடித்துவிட்டு ஓபரா போதும் என்று பண்ணை பார்க்கப் போய்விட்டார். பதிப்பாளர் ரிக்கார்டியும், அவரைவிட சுமார் முப்பது வயது சிறிய கவிஞர் பாய்தோவும் விடாமல் பின்னால் சுற்றினார்கள். 1887இல் ‘ஒதெல்லோ’. 1893இல் ‘ஃபால்ஸ்டாஃப்’, அப்போது வெர்டிக்கு 79 வயது. ஆக வயது காரணம் இல்லை.

ஆனாலும் நான் கட்சி மாறவில்லை. சுற்றிலும் ஆள் இருந்தும் ஒன்றுமே வராதவர்கள் ஆயிரம் பேர். அவர்களைப் பற்றி யாரும் திரி ஆரம்பிப்பதில்லை, அவ்வளவுதான்.


கீபோர்டு_தூத்துக்குடி எழுதியது:

பதில் போட நான்கு நாள் ஆகிவிட்டது. முகூர்த்த நாள்கள். இரண்டு கல்யாணத்தில் ‘வெட்டிங் மார்ச்’ வாசித்தேன், டீச்சரை நினைத்துக்கொண்டு. ஒரு மாப்பிள்ளைக்கு நடை வேகம், பாதியிலேயே வாசலுக்குப் போய்விட்டார்.

நேற்று ராத்திரி பரணில் ஏறி 1997 நோட்டை எடுத்தேன். பத்துப் பாட்டையும் பதினொரு நாளில் நான் தனியாகப் போட்டேன் என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் இல்லையா? நோட்டு வேறு கதை சொல்கிறது. சப்பரத்துக்குப் பாடுகிற அந்தப் பாட்டுக்கு நான்கு மெட்டு எழுதி, மூன்றை அடித்திருக்கிறேன். அடித்தது என் பேனா, அடிக்க வைத்தது வேறு ஆள். இரண்டாவது மெட்டுக்குப் பக்கத்தில் ‘பெரியம்மா முடியாது’ என்று எழுதியிருக்கிறது. பாடகர் குழுவிலேயே மூத்தவர். பல்லவியில் மேல் பஞ்சமத்தைத் தொட்டிருந்தேன். “இவ்வளவு மேலே கொண்டுபோனா சப்பரத்துக்குப் பின்னால நடந்து வர்றவ எப்படிடா பாடுவா?” என்று கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. அதற்காகத்தான் மெட்டைக் கீழே இறக்கினேன். ஊரே பாடுவது அதனால்தான் என்று நேற்றுதான் உறைத்தது.

சரணத்தின் மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் வேறொரு கையெழுத்து. தபலா வாசித்த என் நண்பனுடையது. நான் ஆதி தாளத்தில் சமத்தில், அதாவது முதல் தட்டிலேயே, எடுத்திருந்ததை அரை இடம் தள்ளி எடுக்கச் சொல்லி அம்புக்குறி போட்டிருக்கிறான். அந்தத் தள்ளல்தான் அந்தப் பாட்டில் எல்லோரும் தலையை ஆட்டுகிற இடம். இருபத்து எட்டு வருடமாக அது என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

1998இல் அவன் மஸ்கட் போனான். பெரியம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. போன வருடம் அந்த மூன்று மெட்டையும் நான் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். வீட்டில் மற்றவர்கள் தூங்க வேண்டுமே.

திருச்சி ஐயா, பழைய ஆளைக் கூப்பிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதே என்றீர்கள். நினைக்கவில்லை. இருந்தாலும் கூப்பிட்டேன். அவன் இப்போது தபலாவைத் தொடுவதே இல்லையாம், ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். என் மகள் பழைய பாட்டு என்று சொன்ன அந்த மெட்டைப் பல்லவி மட்டும் வாய்ப்பாட்டாகப் பாடி வாட்ஸப்பில் அனுப்பினேன். இன்று காலை பதில் வந்தது. 14 விநாடி. முதல் பத்து விநாடி லாரி பின்னால் எடுக்கிற சத்தம். அப்புறம் அவன் குரல்: “இரண்டாவது வரி எதுக்குலே இருக்கு? தூக்கிரு.”

தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.